நெசவு டிசைன் மென்பொருளுக்காக லினக்ஸ் நிறுவுதல்: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

நாகர்கோவிலின் வடசேரியில், நேரியல் என்னும் மேலாடையின் கரையில் சிறிய பூ ஒன்று வேண்டுமென்றால், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏறுகிறது. அந்தப் பெட்டி 240 ஹூக் (கொக்கி) கொண்டது என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையில் துளை இருக்குமிடத்தில் அதற்குரிய ஹூக் உயர்ந்து, தன்னோடு கட்டப்பட்ட, நெடுக்கே ஓடும் பாவு இழைகளைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கிறது. பூ ஒருமுறை முழுதாக வர 400 ஊடை ஓடவேண்டும் என்றால் 400 அட்டைகள் வேண்டும். அதாவது 96,000 இடங்களில் 'தூக்கு' அல்லது 'விடு' என்று முடிவெடுத்தாக வேண்டும். இந்த 96,000 முடிவுகளையும் ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் சிவப்பு மையால் புள்ளி வைத்தே எழுதினார்கள். ஒரு புள்ளி தவறினால் துணி நெடுக, ஒவ்வொரு பூவிலும், அதே இடத்தில் அந்தத் தவறு திரும்பத் திரும்ப வரும்.

நெசவு டிசைன் மென்பொருள் செய்வது இந்த வேலையைத்தான். வரைந்த படத்தையோ ஸ்கேன் செய்த பழைய துணியையோ எடுத்துக்கொண்டு, அதன் நிறங்களைச் சில நிறங்களாகக் குறைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் இழைகள் பின்னும் முறை ஒன்றை ஒதுக்கி, கடைசியில் அட்டை வெட்டும் இயந்திரத்துக்கோ மின்னணு ஜக்கார்டுக்கோ புரியும் கோப்பாக அது மாற்றித் தருகிறது. நூலின் தடிமன், முறுக்கு, நிறம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டால், நெய்வதற்கு முன்பே துணி எப்படித் தோன்றும் என்பதையும் திரையில் காட்டிவிடும். ஸ்லோவேனியா நாட்டில் உருவான அராஹ்வீவ் என்னும் மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. அது லினக்ஸைத் தன் முதன்மைத் தளமாகக் கொண்டு வளர்ந்தது. எம்பிராய்டரி செய்பவர்களுக்கு இங்க்ஸ்டிச் இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளுக்குள் அமர்ந்துகொண்டு, வரைந்த கோடுகளைத் தையல் இயந்திரத்தின் ஊசிக் குத்துகளாக மாற்றுவது அது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்னும் மிஷனரி தம்பதியர் காலத்தில் இங்கே வேரூன்றிய லேஸ் பின்னலும் எம்பிராய்டரியும் இன்றும் பல வீடுகளில் பெண்களின் கைத்தொழிலாக நிற்பதால், இந்த இரண்டாவது வகை மென்பொருளைப் பற்றியும் நம் குமரி மாவட்டத்தில் அடிக்கடி விசாரிக்கிறார்கள்.

விசாரிப்பவர்கள் முதலில் தயங்கி நிற்பது மென்பொருளிடம் அல்ல, அதற்கு முந்தைய படியிடம்தான். 'லினக்ஸ் போட வேண்டும்' என்ற சொல்லைக் கேட்டதும் கணினியையே இழந்துவிடுவோமோ என்ற அச்சம் வந்துவிடுகிறது. அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது, தேவையில்லாத மிகையும் இருக்கிறது. எது நியாயம், எது மிகை என்று பிரித்துக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் நடுவே இருந்து வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் அடித்தள மென்பொருள். 'இந்தக் கோப்பைச் சேமி' என்று டிசைன் மென்பொருள் கேட்டால், வன்தட்டில் எந்த இடத்தில் எழுதுவது என்று முடிவு செய்வது இயங்குதளம். சுட்டி நகர்ந்தால் அந்த அசைவை மென்பொருளிடம் சேர்ப்பதும், திரையில் என்ன தெரியவேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்வதும் அதுவே. விண்டோஸ் அப்படிப்பட்ட ஓர் இயங்குதளம், லினக்ஸ் இன்னொன்று. ஒன்றுக்காக எழுதிய மென்பொருள் மற்றொன்றில் அப்படியே ஓடாது. குழித்தறிக்கு அளந்து கட்டிய விழுதை (பாவு இழைகளைத் தூக்கும் கண்ணிகளை) விசைத்தறியில் மாட்ட முடியாததைப் போல, கேட்கும் முறையும் கிடைக்கும் பதிலும் இரண்டிலும் வேறு வேறு.

லினக்ஸ் என்ற பெயர், கண்டிப்பாகச் சொன்னால், இயங்குதளத்தின் உட்கருவை மட்டுமே குறிக்கும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை எழுதத் தொடங்கினார். அந்த உட்கருவோடு திரைத்தோற்றம், கோப்பு மேலாளர், எழுத்துருக்கள், மென்பொருள் நிறுவும் வசதி என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதை லினக்ஸ் வழங்கல் என்கிறோம். 1993இல் தொடங்கிய டெபியன், அதை அடிப்படையாகக் கொண்டு 2004இல் வந்த உபுண்டு, உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் ஆகியவை பரவலாகப் புழங்கும் வழங்கல்கள். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இந்திய வழங்கல், அதற்கும் அடிப்படை டெபியன்தான். ஆக, லினக்ஸ் நம் வீடுகளுக்கு முற்றிலும் புதியதன்று. பலர் அதைத் திறந்து பார்க்காமலேயே விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

எந்த வழங்கலைத் தேர்வது என்ற கேள்விக்கு நான் தரும் விடை ஒன்றுதான்: மென்பொருளை முதலில் தேர்ந்தெடுங்கள், எந்த லினக்ஸ் என்பதை அந்த மென்பொருள் சொல்லட்டும். இதைத் தலைகீழாகச் செய்து துன்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தொழில்முறை நெசவு மென்பொருளை உருவாக்குபவர்கள் குறிப்பிட்ட சில வழங்கல்களின் குறிப்பிட்ட பதிப்புகளில்தான் தங்கள் மென்பொருளைச் சோதிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பதிப்பு ஓராண்டு பழையதாகத் தோன்றினாலும் அதையே போடுங்கள். புதுப்பதிப்பின் அழகிய தோற்றத்துக்கு ஆசைப்பட்டு அதை மாற்ற வேண்டாம். மென்பொருள் பக்கத்திலிருந்து எந்த நிபந்தனையும் இல்லை என்றால், எல்டிஎஸ் என்று குறிக்கப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள். உபுண்டுவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் இது வெளிவருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. ஓணத்துக்கான துணி நெய்யத் தறிகள் ஓய்வின்றி ஓடும் மாதத்தில் இயங்குதளத்தைத் தூக்கிப் புதியது போடும் நிலை யாருக்கும் வரக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் இடைக்காலப் பதிப்புகள் அந்த நிலையைக் கொண்டுவந்துவிடும்.

விண்டோஸுக்காக வாங்கிய டிசைன் மென்பொருளையே லினக்ஸில் ஓட்ட முடியாதா என்றும் கேட்கிறார்கள். வைன் என்னும் இடைமென்பொருள் சில விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டிக் காட்டும். ஆனால் விலை உயர்ந்த நெசவு மென்பொருள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி டாங்கில் என்னும் சிறு சாவியைச் செருகினால்தான் திறக்கின்றன. அந்தச் சாவியை இயக்கும் சிறு மென்பொருளான விண்டோஸ் டிரைவர் வைனுக்குள் வேலை செய்வதை நம்பி முதலீடு செய்யக் கூடாது. அப்படிப்பட்ட மென்பொருள் உங்களிடம் ஏற்கெனவே இருந்து, அது ஒழுங்காக வேலையும் செய்கிறது என்றால், விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸைச் சேர்ப்பதே சரி.

கணினியின் திறன் பற்றிச் சற்று விளக்கவேண்டும், ஏனென்றால் இதில் பலருக்கும் தவறான கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன பூவின் 96,000 புள்ளிகளைக் கணினியில் சேமிக்க 12,000 பைட் போதும். அது ஒரு சாதாரண புகைப்படத்தின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. டிசைன் அவ்வளவு சிறியது. பெரியது எதுவென்றால், துணி எப்படித் தோன்றும் என்று திரையில் காட்டும் படம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துணியை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் காட்ட, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 11,800 புள்ளிகள் வேண்டும். நிறத்துக்கு மூன்று பைட் வீதம் கணக்கிட்டால் 400 மெகாபைட்டைத் தாண்டிவிடும். முந்தைய நிலைக்குத் திரும்ப வசதியாக மென்பொருள் இப்படிச் சில பிரதிகளை நினைவகத்தில் வைத்திருக்கும். ஆகவே லினக்ஸ் மட்டும் ஓட 4 ஜிபி நினைவகம் போதும் என்றாலும், நெசவு வேலைக்கு 8 ஜிபி இருப்பது நல்லது. பழைய சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டால், பத்தாண்டுக் கணினியும் புதிதுபோல் நடக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத எத்தனையோ கணினிகள் நல்ல நிலையில் இருந்தும் ஓரங்கட்டப்படுகின்றன. அவற்றைத் தறிக்கூடத்துக்கு மீட்டுக் கொண்டுவர லினக்ஸ் ஒரு நேர்மையான வழி.

இனி, நியாயமான அச்சத்துக்கு வருவோம். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பட்டறையில், லினக்ஸ் நிறுவித் தருவதாக வந்த ஒருவர், நிறுவும்போது வரும் கேள்வி ஒன்றை வாசிக்காமலேயே 'ஆம்' என்று அழுத்திவிட்டார். வன்தட்டு முழுவதும் அழிந்தது. அதில் புளியிலைக்கரை என்னும் கரை வகையின் பல அளவுகள் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் சிலவற்றை நெய்த கைகள் இப்போது உயிரோடு இல்லை. பிறகு என்னை அழைத்தார்கள். மீட்பு மென்பொருளைப் போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, எந்தக் கணினியைத் தொடுவதற்கு முன்பும், டிசைன்கள் எல்லாம் இன்னொரு இடத்தில் பேக்கப் எடுக்கப்பட்டிருப்பதை என் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். வெளிவன்தட்டில் நகலெடுத்ததோடு நிறுத்தாமல், அந்த வன்தட்டை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

பேக்கப் முடிந்தபின் மற்ற ஏற்பாடுகள் எளியவை. வழங்கலின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பை, பதிவிறக்க வேண்டும். லினக்ஸ் மின்ட் என்றால் ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டு என்றால் அதைவிட இருமடங்கு இருக்கும். பதிவிறக்கம் பாதியில் அறுந்து ஒட்டுப்போட்டதுபோல் முடிந்திருக்கலாம் என்பதால், அந்தத் தளத்திலேயே தரப்பட்டிருக்கும் 64 எழுத்து நீளமான எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிடுங்கள். ஓரெழுத்து வேறுபட்டாலும் கோப்பு பழுது. பிறகு ரூஃபஸ் அல்லது எச்சர் போன்ற மென்பொருளால் அந்த ஐஎஸ்ஓவை 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் எழுதவேண்டும். சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது. பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விண்டோஸ் ஏற்கெனவே இருக்கும் கணினியானால் இரண்டு அமைப்புகளைக் கவனிக்கவேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, கணினியை முழுதாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் வைக்கிறது. அந்நிலையில் விண்டோஸின் வன்தட்டுப் பகுதியை லினக்ஸிலிருந்து தொட்டால் கோப்புகள் சிதையலாம். அதை அணைத்துவிடுங்கள். இன்னொன்று, வன்தட்டில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். பல புதிய மடிக்கணினிகளில் நாம் கேட்காமலேயே அது இயக்கப்பட்டிருக்கிறது. தொடக்க அமைப்புகளில் கைவைத்தபின் விண்டோஸைத் திறந்தால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் எங்கே இருக்கிறது என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டபின் மேலே செல்லுங்கள்.

பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கிய உடனே அதற்குரிய விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். டெல், லெனோவோ ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், எதையும் நிறுவாமலேயே லினக்ஸ் திரையில் முழுதாக எழுந்து நிற்கும். இதை லைவ் முறை என்பார்கள். புதியவர்களுக்கு லினக்ஸ் தரும் பெரிய சலுகை இதுவே என்பேன், ஆனால் பெரும்பாலானோர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் இங்கேயே இருங்கள். வைஃபை பிடிக்கிறதா, திரையின் அளவு சரியாக இருக்கிறதா, ஸ்கேனர் படம் எடுக்கிறதா, வரைபலகையின் பேனா அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வன்தட்டு கண்ணில் படுகிறதா என்பதையும் பாருங்கள். சில மடிக்கணினிகளில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறை இயங்கும்போது லினக்ஸுக்கு எஸ்எஸ்டியே தெரியாது. கணினியின் தொடக்க அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் அதை ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்றினால் தெரியும், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் திறக்காது. இங்கே சிக்கல் தெரிந்தால் பென் டிரைவைக் கழற்றிவிட்டால் போதும், கணினி பழையபடியே இருக்கும்.

இப்போது வன்தட்டைப் பிரிக்கும் கட்டம். நிறுவும் வேலையில் சிந்தித்துச் செய்யவேண்டியது இது ஒன்றுதான். மற்றவை 'அடுத்து, அடுத்து' என்று போய்விடும். வடசேரியில் ஒரு வீட்டில் இந்தத் திரை முன்னால் நான் விரைந்து அழுத்தப் போனபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான நெசவாளர் அண்ணாச்சி, "இழைய எண்ணாம அச்சுல கோப்பாவளா தம்பி? மொதல்ல எண்ணிப் பாருங்க" என்றார். அச்சு என்பது பாவு இழைகளைக் கோக்கும் சீப்பு போன்ற தறி உறுப்பு. அவருக்குக் கணினி தெரியாது. ஆனாலும் திரையில் எண்கள் வரிசையாக நிற்பதையும், நான் அவற்றை வாசிக்காததையும் அவர் கவனித்திருந்தார். நான் கையை எடுத்துவிட்டு, ஒரு தாளில் எல்லா எண்ணையும் எழுதிக்கொண்டபின்தான் தொடர்ந்தேன். இன்றுவரை அந்த வழக்கத்தை விடவில்லை.

எழுதவேண்டியது இவ்வளவுதான். 480 ஜிபி என்று அச்சிட்ட எஸ்எஸ்டியை விண்டோஸ் 447 ஜிபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், தயாரிப்பவர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது, இடம் எங்கும் காணாமல் போகவில்லை. இந்த 447இல் விண்டோஸுக்கு 180 விட்டுவிட்டு மீதியை, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே சுருக்கிக் காலியாக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் நிறுவும்போது வன்தட்டை முழுதாக அழித்து நிறுவும் தேர்வும், நாமே பிரித்துக்கொள்ளும் தேர்வும் வரும். முதலாவதைத்தான் அந்தத் திங்கள்சந்தைப் பட்டறையில் அழுத்தினார்கள். நீங்கள் இரண்டாவதற்குச் செல்லுங்கள். அங்கே காலி இடத்தில் 60 ஜிபியில் ஒரு பார்ட்டிஷன் (தனிப் பகுதி) உருவாக்கி, எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையைத் தந்து, சாய்கோடு (/) ஒன்றை மட்டும் அதன் இணைப்புப் புள்ளியாக (மவுன்ட் பாயின்ட்) குறிப்பிடுங்கள். இயங்குதளமும் மென்பொருள்களும் இதில் தங்கும். மீதமுள்ள ஏறக்குறைய 200 ஜிபியை இன்னொரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷனாக்கி 'ஹோம்' (/home) என்ற இணைப்புப் புள்ளியைத் தாருங்கள். உங்கள் டிசைன்கள் எல்லாம் இதில் இருக்கும்.

இரண்டாகப் பிரிப்பது ஏன் என்றால், நாளை இயங்குதளம் பழுதடைந்தாலோ புதிய பதிப்பு தேவைப்பட்டாலோ, 60 ஜிபி பகுதியை மட்டும் ஃபார்மட் செய்து மீண்டும் நிறுவலாம். ஹோம் பகுதியை ஃபார்மட் செய்யாமல் அதே பெயரில் இணைத்தால் டிசைன்கள் அப்படியே இருக்கும். பேக்கப்புக்கு இது மாற்றாகாது, ஆனால் நள்ளிரவில் ஏற்படும் பதற்றத்தைப் பெரிதும் குறைக்கும். ஸ்வாப் என்ற துணை நினைவகத்துக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம். இன்றைய உபுண்டுவும் மின்டும் அதை ஒரு கோப்பாகத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. வன்தட்டின் தொடக்கத்தில் இஎஃப்ஐ என்று சில நூறு மெகாபைட்டில் ஒரு சிறிய ஃபேட்32 பகுதி இருப்பதைக் காண்பீர்கள். கணினி எழும்போது எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்ற தகவல் அதில் இருக்கிறது. லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும். அதை அழிக்கவும் வேண்டாம், ஃபார்மட் செய்யவும் வேண்டாம்.

நிறுவுதல் தொடங்கியபின் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் மின்சாரம் போகக்கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் காற்றோடு சாரல் அடிக்கும்போது மரக்கிளை கம்பியில் விழுந்து மின்தடை ஆவது நம் மாவட்டத்தில், குறிப்பாக ரப்பர் தோட்டப் பகுதிகளில், வழக்கமானது. மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும். மேசைக்கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். இடையில் வரும் கேள்விகளில் நேர மண்டலத்துக்குக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். இந்தியா முழுவதுக்கும் அந்த ஒரே பெயர்தான் பட்டியலில் இருக்கும். பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் தாருங்கள். கடவுச்சொல்லை மறக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கை இருந்தாலும் எழுதி வையுங்கள், ஒவ்வொரு மென்பொருளை நிறுவும்போதும் லினக்ஸ் அதைக் கேட்கும்.

முதல்முறை லினக்ஸ் எழுந்ததும் புதுப்பிப்புகளை நிறுவி, கிராபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் அட்டை இருந்தால் டிரைவர் மேலாளர் பரிந்துரைப்பதை ஏற்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் அப்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து அதைத் திரும்பக் கேட்கும். அது பிழையன்று, புதிய டிரைவரை நம்பலாமா என்று கணினி உங்களிடம் கேட்கிறது. அதன்பிறகே டிசைன் மென்பொருளை நிறுவுங்கள். டாங்கில் சாவியைச் செருகியும் மென்பொருள் அதைக் காணவில்லை என்று சொன்னால், பெரும்பாலும் சாவி பழுதாகியிருக்காது. யுஎஸ்பி கருவியைத் தொடச் சாதாரணப் பயனருக்கு லினக்ஸ் உடனே அனுமதி தருவதில்லை. மென்பொருளின் நிறுவி அதற்கான விதியை எழுதியிருக்கும், கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அது நடைமுறைக்கு வரும்.

இன்னொரு சிக்கல் திரை தொடர்பானது. லினக்ஸில் படத்தைத் திரைக்குக் கொண்டுசெல்ல எக்ஸ்11 என்ற பழைய முறையும் வேலண்ட் என்ற புதிய முறையும் இருக்கின்றன. நெடுங்காலமாக வளர்ந்துவரும் தொழில்முறை மென்பொருள்கள் பல பழைய முறையை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. புதிய முறையில் நிறம் எடுக்கும் கருவியோ சாளரத்தின் இடமோ தடுமாறினால், உபுண்டு 24.04இல் உள்நுழையும்போது கீழ் மூலையில் தெரியும் பற்சக்கரக் குறியை அழுத்தி, அங்கே எக்ஸார்க் என்று குறிக்கப்படும் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். லினக்ஸ் மின்ட் இயல்பாகவே எக்ஸ்11இல்தான் எழுகிறது. மென்பொருள் நிறுவனத்திடமிருந்து வேறு அறிவுரை இல்லாத புதியவர்களுக்கு நான் மின்டைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். திரும்பவும் விண்டோஸுக்குச் செல்லும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பதைக் கண்டு கணினியின் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று பலர் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்திலும் விண்டோஸ் உள்ளூர் நேரத்திலும் படிக்கின்றன, அவ்வளவுதான். உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

கோப்புகளின் பெயர் குறித்து ஒரு சொல். லினக்ஸில் தமிழில் பெயர் வைக்கலாம், எழுத்துருவும் விசைப்பலகையும் எளிதாகக் கிடைக்கின்றன. வீட்டுக்குள் புழங்கும் கோப்புகளுக்கு நான் அப்படித்தான் வைக்கிறேன். ஆனால் இயந்திரத்துக்குப் போகும் கோப்புக்கு ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட சுருக்கமான பெயர் தாருங்கள். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரையும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரையும் லினக்ஸ் இரண்டு தனிக்கோப்புகளாக வைத்திருக்கும். விண்டோஸ் கணினிக்கோ பென் டிரைவுக்கோ போகும்போது ஒன்று மற்றொன்றை மிதித்துவிடும். எம்பிராய்டரி இயந்திரத்துக்கான பென் டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்யுங்கள், எக்ஸ்ட்4ஐ அந்த இயந்திரங்களால் படிக்க முடியாது. தஜிமா வகை இயந்திரத்துக்கு டிஎஸ்டி, பிரதர் இயந்திரத்துக்கு பிஇஎஸ் என்று வடிவத்தையும் பார்த்துச் சேமிக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் முதல் வேலையாகப் புதிய டிசைன் எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நெய்து முடித்து, கையில் துணியாக இருக்கும் ஒரு பழைய கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மென்பொருளில் புதிதாக வரைந்து, கோப்பாக்கி, அதன் முதல் பத்து ஊடைக்கான புள்ளிகளைப் பழைய அட்டைகளின் துளைகளோடு வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். இடம் வலமாக மாறியிருக்கிறதா, தூக்கு என்பது விடு என்று தலைகீழாகியிருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டும் மென்பொருளின் அமைப்பில் ஒரு சொடுக்கில் திருத்தக்கூடியவை. பத்து அட்டையும் ஒத்துப்போனபின் பாவைத் தறியில் ஏற்றலாம்.